ரபி உள்ளே, கூட்டம் வெளியே: சிறைக்குப் போன குருவும் சீடர்களும்

நூலகப்பூனை | ஞாயிறு, இரவு 10.40

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் ஒரு விஷயம். இங்கே கொட்டிவிடுகிறேன், தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

1927 ஜூன் 14, நள்ளிரவு. லெனின்கிராத், மொகோவாயா தெரு, 22ஆம் எண் வீடு. சோவியத் ரகசியப் போலீஸ் (அப்போது பெயர் ஓ.ஜி.பி.யூ.) உள்ளே நுழைகிறது. தேடி வந்த ஆள் யோசெஃப் யிட்ஸாக் ஷ்னியர்சோன், ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் லுபாவிட்ச் கிளைக்கு ஆறாவது ரெப்பே (ஹசிதியர்கள் தங்கள் குருவை அழைக்கும் பெயர்). நாடு முழுக்க ரகசியமாக வேதப் பள்ளிகளும் சடங்குக் குளங்களும் நடத்துகிறார், அதுதான் குற்றம். மகள் ஒருத்தி வெளியே போய்விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறாள். கட்டிக்கொள்ளப் போகிற பையன் (அவனுக்கும் அதே குடும்பப் பெயர்) கீழே தெருவில் நிற்கிறான். அவள் ஜன்னல் வழியாக, "ஷ்னியர்சோன், வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்" என்கிறாள். அவன் புரிந்துகொண்டு மற்றவர்களை எச்சரிக்க ஓடுகிறான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஏழாவது ரெப்பே.

பெரியவரை ஷ்பலேர்னயா சிறைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் மரண தண்டனை, அப்புறம் அது சொலோவ்கி தீவுச் சிறைமுகாமில் பத்து வருஷம் என்று மாறியது, அதுவும் மாறி கோஸ்த்ரோமா ஊரில் மூன்று வருஷ நாடுகடத்தல் ஆனது. கடைசியில் ஜூலை 12 அன்று, "நீர் போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள். யூத நாட்காட்டிப்படி அன்று தம்மூஸ் மாதம் 12. அவருடைய பிறந்தநாள்!

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம் காலத்து எலியேசர் பெர்லாண்ட். பிரெஸ்லவ் ஹசிதியர்களில் ஒரு கிளையான 'ஷூவு பனீம்' குழுவின் தலைவர். பெண்களிடம் முறைகேடாக நடந்ததாகப் புகார் வந்ததும் இஸ்ரேலை விட்டு ஓடினார். மொராக்கோ, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, நெதர்லாந்து என்று அலைந்து, 2016இல் பிடிபட்டுத் திரும்பினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், 18 மாதம் தண்டனை. அதன் பிறகும் சீடர்கள் நீதிமன்ற வாசலில் கூடினார்கள், சங்கீதம் (வேதாகமத்தில் வரும் துதிப் பாடல்கள்) பாடினார்கள், "எங்கள் ரபி பரிசுத்தர்" என்றார்கள்.

வெளியே நிற்கும் ஆளை மட்டும் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான். அதே கறுப்புக் கோட்டு, அதே தாடி, அதே சங்கீதப் புத்தகம், அதே அழுகை. அப்படியென்றால் சிறை வாசலில் நிற்கும் பக்தனைப் பார்த்து, உள்ளே இருப்பவரைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?

---

கிளிமூக்கு | ஞாயிறு, இரவு 11.15

முதலில் ஒரு திருத்தம். 1927இல் சிறை வாசலில் யாரும் நிற்கவில்லை. சோவியத் நாட்டில் நின்றால் அவனும் உள்ளேதான். அவர்கள் செய்ததெல்லாம் வீட்டுக்குள் உபவாசம், சங்கீத பாராயணம், அப்புறம் வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்புவது. மாஸ்கோவில் அரசியல் கைதிகளுக்கு உதவும் செஞ்சிலுவை அமைப்பை நடத்திய யெகதெரீனா பெஷ்கோவாவிடமும் போனார்கள். எழுத்தாளர் கார்க்கியைப் பிரிந்து வாழ்ந்த மனைவி அவர். விடுதலைக்குப் பெரிதும் உழைத்தவர் அந்த அம்மாதான். யூதரும் இல்லை, ஹசிதியரும் இல்லை.

இரண்டாவது, சிறைக்குள் நடந்ததாக நாம் படிப்பதில் பெரும்பகுதி ரெப்பே தானே எழுதியது. விசாரணை அதிகாரி துப்பாக்கியை நீட்டியதாகவும், "பல தெய்வமும் ஒரே உலகமும் உள்ளவனைத்தான் இந்தப் பொம்மை பயமுறுத்தும், எனக்கு ஒரே கடவுள், உலகம் இரண்டு" என்று இவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டே? கேட்க நன்றாக இருக்கிறது. கேட்க நன்றாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம்.

---

அக்கரைச்சீமை | திங்கள், காலை 6.05

நான் புரூக்ளினில், கிரவுன் ஹைட்ஸ் பக்கம் ஒரு மருந்துக் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் லுபாவிட்ச்காரர்கள். அதனால் ஒன்று சொல்லலாம்.

சேர்ந்த முதல் வருஷம், டிசம்பர் குளிரில் ஒரு சாயங்காலம். வழக்கமாக ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கோட்டுப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் கப் ஒன்றை எடுத்தார், இன்னொரு பையிலிருந்து வோட்கா. இரண்டு விரற்கடை ஊற்றி என் முன்னால் வைத்து "லெஹாயிம்!" (குடிக்கும்போது சொல்லும் வாழ்த்து) என்றார். டூட்டியில் இருக்கிறேன் ஐயா என்றேன். "அப்படியானால் உதட்டில் தொட்டுக்கொள்" என்றார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "ஜெயிலிலிருந்து வந்துவிட்டார்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மகனோ மருமகனோ ஜாமீனில் வந்திருக்கிறான் போல என்று நினைத்து, வாழ்த்துச் சொல்லி, "எப்போது வந்தார்?" என்று கேட்டேன்.

"1798இல்."

அன்று கிஸ்லேவ் மாதம் 19. லுபாவிட்ச் வழியின் முதல் ரெப்பே ஷ்னியோர் ஸல்மான் விடுதலையான நாள். அவரைக் காட்டிக்கொடுத்ததும் யூதர்களே, ஹசிதியத்தைப் பிடிக்காத மற்றப் பிரிவினர். புனித நாட்டு ஏழைகளுக்கு அவர் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நாடு அப்போது துருக்கி சுல்தான் கையில். ரஷ்யாவின் எதிரிக்குக் காசு போகிறது என்று மொட்டைக் கடிதம் போட்டால் ஜார் பாவெல் சும்மா இருப்பாரா? பீட்டர்ஸ்பர்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பத்து மூன்று நாள் உள்ளே.

இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெரியவர் நேற்று நடந்த மாதிரிச் சொன்னார்.

---

கிளிமூக்கு | திங்கள், காலை 9.30

ஐம்பத்து மூன்று நாள். அவர் எழுதிய 'தன்யா' நூலின் முதல் பகுதியில் எத்தனை அதிகாரம் தெரியுமா? ஐம்பத்து மூன்று. பக்தர்களின் கணக்கு எப்போதும் மிச்சமில்லாமல் வகுபடும் 🙂

---

ஜெபமணி_நெல்லை | திங்கள், மதியம் 1.20

கிளிமூக்கு அண்ணா, கணக்கை விடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு.

விடுதலைச் செய்தி வந்தபோது ஷ்னியோர் ஸல்மான் 55ஆம் சங்கீதத்தில், "என் ஆத்துமாவைச் சமாதானத்தோடு மீட்டார்" என்ற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சரி, நமக்குத் தெரிந்த சங்கீதம்தானே என்று எங்கள் வீட்டு வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கே அந்த வசனத்தில், திரளான கூட்டமாய் என்னை எதிர்த்தார்கள் என்கிற பொருள்தான் இருக்கிறது. யூதர்கள் அதே எபிரெய வரியை, பலர் என்னோடு இருந்தார்கள் என்று படிக்கிறார்கள். எங்கும் மீட்பு ஒன்றுதான், கூட்டம் மட்டும் கட்சி மாறிவிடுகிறது!

மூலத்தில் இருப்பது 'என்னோடு' என்ற ஒரு சொல். ஒருவனோடு நிற்பதும் 'என்னோடு', ஒருவனோடு மல்லுக்கு நிற்பதும் 'என்னோடு'. தமிழிலும் அப்படித்தானே? "அவனோடு சண்டை", "அவனோடு சாப்பாடு".

தல்மூத் (யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பு) பண்டிதர்கள் இதை இன்னும் இழுத்து, சபையோடு சேர்ந்து ஜெபிக்கிறவன் கடவுளையே சிறையிருப்பிலிருந்து மீட்கிறான் என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஆகவே ரெப்பே உள்ளே இருக்கும்போது வெளியே சங்கீதம் வாசிப்பது அவர்களுக்கு வெறும் ஆறுதல் இல்லை, கதவைத் தள்ளுகிற வேலை.

---

நூலகப்பூனை | திங்கள், மாலை 7.10

ஜெபமணி, இதை நான் கவனித்ததே இல்லை. நன்றி.

கிளிமூக்கு சொல்வதும் நியாயம்தான், சொந்தக் குறிப்பு சொந்தக் குறிப்புதான். ஆனால் அதில் ஒரு இடம் ஜோடனை மாதிரித் தெரியவில்லை. 1927 ஜூன் 30, வியாழன். கோஸ்த்ரோமாவுக்குப் போகலாம், இன்றே ரயில் என்கிறார்கள். ஷ்னியர்சோன், ரயில் எப்போது போய்ச் சேரும் என்று கேட்கிறார். சனிக்கிழமை. ஓய்வுநாளில் பயணம் செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டு, அந்தச் சிறையிலேயே ஞாயிறு வரை இருந்துவிட்டுப் போகிறார்! மரண தண்டனையிலிருந்து தப்பிய ஆள். வீட்டில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் அம்மாவாக இருந்தால், "முதலில் வெளியே வா, சாமியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றிருப்பாள்.

ஜூலை 3 ஞாயிறு வெளியே விட்டார்கள், அன்றே ரயில் ஏற்றினார்கள். உளவாளிகள் நிற்பார்கள் என்று தெரிந்தும் சீடர்கள் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே நின்று, எங்கள் உடம்பைத்தான் நாடுகடத்த முடியும், ஆத்மாவை இல்லை என்கிற பொருளில் பேசினார். "வாசலில் யாரும் நிற்கவில்லை" என்ற திருத்தம் சரி. ஆனால் பிளாட்பாரத்தில் நின்றார்கள்.

---

தேரிக்காடு | திங்கள், இரவு 11.55

இந்த இழையில் ஷப்தாய் ஸ்வி பெயர் இன்னும் வரவில்லையே! சிறைக்குப் போன யூதத் தலைவர், வெளியே பக்தர் கூட்டம் என்றால் எல்லாருக்கும் மூத்தவர் அவர்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மிர்னாக்காரர் (இன்றைய துருக்கியின் இஸ்மீர்), 1626இல் பிறந்தவர். 1665இல் காசாவைச் சேர்ந்த நாத்தான் என்ற இளைஞர் இவர்தான் மெசியா (யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பர்) என்று அறிவித்ததும், ஏமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூத உலகமே ஆடிப்போனது. வியாபாரிகள் கடையைக் கட்டினார்கள், வீட்டை விற்றார்கள். கிளூக்கல் என்ற யூத வணிகப் பெண் எழுதி வைத்ததில் ஒரு காட்சி: அவருடைய மாமனார் ஹாம்பர்குக்கு இரண்டு பெரிய பீப்பாய்களை அனுப்பி வைக்கிறார். உள்ளே துணிமணி, பட்டாணி, பீன்ஸ், உலர்ந்த இறைச்சி, உலர்ந்த பிளம்ஸ். மெசியா கூப்பிட்டதும் கப்பல் ஏறி எருசலேம் போக வேண்டுமே, வழிச் சாப்பாடு!

1666 தொடக்கத்தில் ஷப்தாய் இஸ்தான்புல் நோக்கிப் போனார். கப்பலிலேயே பிடித்துவிட்டார்கள். ஏப்ரல் வாக்கில் டார்டனெல்ஸ் ஜலசந்திப் பக்கம், கலிப்போலிக் கோட்டைச் சிறைக்கு மாற்றினார்கள். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. பக்தர்கள் அந்தச் சிறைக்கு 'மிக்தல் ஓஸ்' என்று பெயர் வைத்தார்கள். "கர்த்தரின் நாமம் பலத்த துருகம்" என்று நீதிமொழிகளில் வருமே, அந்தத் துருகம் (கோட்டை)தான். போலந்திலிருந்தெல்லாம் தூதுக் குழுக்கள் வந்தன. காவலர்களுக்குக் கொழுத்த வருமானம், காசு கொடுத்தால் தரிசனம். சிறை தர்பார் ஆகிவிட்டது. வந்த கூட்டத்தால் சுற்று வட்டாரத்தில் சாப்பாட்டு விலை ஏறி, உள்ளூர்க்காரர்கள் முறையிடும் அளவுக்குப் போயிற்று. உள்ளே இருந்துகொண்டே அவர் சட்டம் போட்டார்: ஆலயம் இடிந்த துக்க நாளான ஆவ் மாதம் 9ஆம் தேதி உபவாசம் இனி பண்டிகை. ஊர் ஊராக அதைக் கொண்டாடினார்கள்.

பிறகு செப்டம்பர் 16, எதிர்னே அரண்மனை, சுல்தான் நான்காம் மெஹ்மெத். மதம் மாறுகிறாயா, சாகிறாயா? ஷப்தாய் தலைப்பாகை கட்டிக்கொண்டார். புதுப் பெயர் அஸீஸ் மெஹ்மெத் எஃபெந்தி. அரண்மனையில் பதவி, தினப்படி.

மாமனாரின் பீப்பாய்கள் ரொம்ப நாள் அப்படியே இருந்தன. கடைசியில், துணி பாழாவதற்குள் சாப்பாட்டை வெளியே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினார்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. எல்லாரும் விட்டுப் போகவில்லை. மிச்சம் இருந்தவர்கள் விளக்கம் கண்டுபிடித்தார்கள்: மெசியா இருட்டுக்குள் இறங்கி, அங்கே சிதறிக் கிடக்கும் தெய்வீகப் பொறிகளைப் பொறுக்குகிறார், அதற்காகத்தான் இந்த அவமானம். சலோனிக்காவில் பல குடும்பங்கள் அவரைப் போலவே வெளியே முஸ்லிம், உள்ளே ஷப்தாய் பக்தர் என்று நூற்றாண்டுகள் வாழ்ந்தன. 'தோன்மே' என்பது அவர்கள்தான்.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 8.00

இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். இது காசா போர் பற்றிய இழை இல்லை, அதற்குத் தனி இழை இருக்கிறது. "யூதர்கள் எல்லாருமே" என்று தொடங்கும் எந்த வாக்கியத்துக்கும் இங்கே இடமில்லை. தொடருங்கள்.

---

வெயிலுகந்தாள் | செவ்வாய், காலை 10.45

இரண்டு நாளாகப் படிக்கிறேன். எல்லாரும் ரபிகளையும் சீடர்களையும் பற்றியே பேசுகிறீர்கள். பெர்லாண்ட் விவகாரத்தில் புகார் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

அந்த மாதிரி மூடிய சமூகத்தில் ஒரு பெண் போலீஸ் நிலையப் படி ஏறுவது என்றால் என்ன என்று யோசியுங்கள். பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், பள்ளியில் இடம் கிடைக்காது, சொந்தத் தங்கையே பேச மாட்டாள். அந்தப் பெண் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில்தான் இந்த "எங்கள் ரபி பரிசுத்தர்" கூட்டம் நின்று சங்கீதம் பாடுகிறது. அவள் காதில் அது எப்படி விழும்? ஜெபமணி சொன்ன 'என்னோடு' அங்கே யாரோடு?

அதோடும் முடியவில்லை. 2020இல் அந்த ஆளை மறுபடி பிடித்தார்கள். தீராத நோய்க்காரர்களிடமும் குடும்பத்தாரிடமும் பணம் வாங்கிக்கொண்டு பிரார்த்தனை விற்றது, 'அற்புத மருந்து' விற்றது. அந்த மாத்திரை வெறும் மிட்டாய் என்று போலீஸ் சொன்னது. 2021இல் அதற்கும் 18 மாதம். இரண்டாவது தடவையும் கூட்டம் நின்றது.

தேரிக்காடு சொன்ன விளக்கம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. ரபி குற்றம் செய்யவில்லை, ஜனங்களின் பாவத்தைக் குறைக்க அவமானத்தைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று சீடர்கள் சொல்கிறார்கள். ஒப்புதல் வாக்குமூலமே தியாகம் ஆகிவிடுகிறது. இப்படி ஒரு விளக்கம் கையில் இருந்தால் எந்த நீதிமன்றம் எதைச் சொல்லி என்ன?

---

தேரிக்காடு | செவ்வாய், காலை 11.30

அக்கா சொல்வது சரி. ஷப்தாய் கதையை நான் ஏதோ பழைய வேடிக்கை மாதிரிச் சொல்லிவிட்டேன்.

---

கிளிமூக்கு | செவ்வாய், மாலை 4.20

வெயிலுகந்தாள், முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நடுவே ஒன்று. கூட்டம் எப்போதும் பக்தியால் மட்டும் சேர்வதில்லை. அரசியலும் சேர்க்கும். ஆர்யே தெரியைப் பாருங்கள். அவர் குரு இல்லை, இஸ்ரேலின் மதக் கட்சியான ஷாஸின் தலைவர், முன்னாள் உள்துறை அமைச்சர். ஆனால் அவருக்குப் பின்னால் கட்சியின் ஆன்மிக குருவான ரபி ஓவதியா யோசெஃப் நின்றார். 1999 மார்ச்சில் லஞ்ச வழக்கில் தீர்ப்பு, மே மாதம் தேர்தல். ரபி சொன்ன "ஹூ ஸக்காய்" (அவன் நிரபராதி) என்ற இரண்டு சொல் தேர்தல் கோஷம் ஆயிற்று. கட்சி 10 இடத்திலிருந்து 17க்குப் போனது!

2000 செப்டம்பரில் ரம்லா ஊரின் மஅசியாஹு சிறைக்கு அவர் போனபோது ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக வந்து வழியனுப்பினார்கள். சிறைக்கு எதிரே கூடாரம் போட்டு வேதப் பாடசாலையே தொடங்கினார்கள். பெயர் 'ஷஅகத் ஆர்யே', சிங்கத்தின் கர்ஜனை. ஆர்யே என்றாலே சிங்கம்தான்.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் மொராக்கோ, ஈராக் போன்ற கீழை நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். ஐரோப்பிய யூத மேட்டுக்குடி தங்களை ஐம்பது வருஷமாக மட்டம் தட்டுகிறது என்ற ஆற்றாமை உள்ளவர்கள். தெரி லஞ்சம் வாங்கினாரா என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி. எங்கள் ஆளை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. அந்த ஆற்றாமை பொய் இல்லை. வழக்கும் பொய் இல்லை. உச்ச நீதிமன்றமே தண்டனையை உறுதி செய்தது, நாலு வருஷத்தை மூன்றாகக் குறைத்ததோடு சரி.

---

அக்கரைச்சீமை | புதன், காலை 5.50

நேற்று அந்தப் பழைய வாடிக்கையாளருக்கு (வோட்கா பெரியவர்) போன் போட்டேன். இந்த இழையைப் பற்றிச் சொல்லி, நேரடியாகவே கேட்டுவிட்டேன்: உங்கள் ரெப்பே குற்றமற்றவர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பெர்லாண்ட் சீடர்களும் இதையேதானே சொல்கிறார்கள்?

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு அவர்கள் வழியில் சொல்லும் ஒரு கதையைச் சொன்னார். 1798இல் ஷ்னியோர் ஸல்மான் சிறையில் இருக்கும்போது, இறந்துபோன அவருடைய ஆசானும் ஆசானின் ஆசானும் அறைக்குள் தோன்றினார்களாம். "எதற்காக எனக்கு இந்தச் சிறை?" என்று கேட்டாராம். "ரகசியமாக இருக்க வேண்டியதை அளவுக்கு மீறி வெளியே சொல்கிறாய் என்று மேலுலகத்தில் வழக்கு" என்றார்களாம். "அப்படியானால் வெளியே போனதும் நிறுத்திவிடவா?" "இல்லை, இன்னும் அதிகமாகச் சொல்."

"எங்கள் ரெப்பேயே உள்ளே உட்கார்ந்து முதலில் கேட்டது 'நான் என்ன தப்பு செய்தேன்' என்றுதான்" என்றார் பெரியவர். மற்றவர்களைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. என் பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

(கதை நடந்ததா என்று கிளிமூக்கு கேட்கப் போகிறார், தெரியும்.)

---

கிளிமூக்கு | புதன், காலை 9.00

கேட்கவில்லை. பெரியவருக்கு என் வணக்கம்.

---

நூலகப்பூனை | புதன், இரவு 9.35

நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் கோணல் என்று இப்போது தெரிகிறது. கூட்டத்தைப் பார்த்து உள்ளே இருப்பவரை எடை போடப் பார்த்தேன். உள்ளே இருப்பவர் அந்தக் கூட்டத்திடம் என்ன கேட்டார், அவர்கள் கொடுத்ததை என்ன செய்தார் என்றுதான் பார்த்திருக்க வேண்டும். ஷ்னியர்சோன் சிறையில் கேட்டது தெஃபிலின். ஜெபிக்கும்போது நெற்றியிலும் கையிலும் வாரால் கட்டும் சின்னத் தோல் பெட்டி. கொடுக்காவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று பட்டினி கிடந்து வாங்கினார். ஷப்தாய் காணிக்கை வாங்கினார். பெர்லாண்ட் கணக்கை வெயிலுகந்தாள் சொல்லிவிட்டார்.

இந்த அளவுகோலில் எல்லாரையும் விட உயரமாக நிற்கிறவர் ஒருவர் இருக்கிறார், 13ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில். ரோத்தன்பர்க் ஊர் ரபி மெயிர். அந்தக் காலத்து ஜெர்மன் யூதர்களுக்குச் சட்டம் என்றால் அவர் வாய்ச்சொல்தான். மன்னன் ருடால்ஃபின் வரிக்கொடுமை தாங்காமல் யூதர்கள் நாட்டை விட்டுப் போகத் தொடங்கினார்கள். 1286இல் மெயிரும் குடும்பத்தோடு புறப்பட்டார். இத்தாலியின் லொம்பார்தியில் யாரோ அடையாளம் காட்டிக்கொடுக்க, பிடித்து ருடால்ஃபிடம் ஒப்படைத்தார்கள். அல்சாஸில் என்சிஸ்ஹைம் கோட்டையில் அடைத்தார்கள். பெரிய மீட்புத்தொகை கேட்டார்கள். சமூகம் வசூலிக்கத் தயாராக இருந்தது. கைதியை மீட்பது யூதச் சட்டத்தில் தலையாய கடமை.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு: கைதியின் மதிப்புக்கு மேல் விலை கொடுத்து மீட்கக் கூடாது. கொடுத்தால் கடத்துகிறவனுக்கு அது தொழிலாகிவிடும். என்னைக் கொள்ளைவிலைக்கு மீட்டால் நாளைக்கு ஊருக்கு ஊர் ரபியைத்தான் பிடிப்பான், கொடுக்காதீர்கள் என்றாராம் மெயிர். ஏழு வருஷம். மாணவர்கள் வந்து பாடம் கேட்டார்கள், கேள்விகளுக்குப் பதில் எழுதினார். 1293இல் சிறையிலேயே இறந்தார்.

---

கிளிமூக்கு | புதன், இரவு 10.20

இதில் மட்டும் மூக்கை நுழைத்துக்கொள்கிறேன். சிறை, மரணம், கடிதங்கள் எல்லாம் உறுதி. "கொடுக்காதீர்கள்" என்று மறுத்தார் என்ற பகுதி மட்டும், இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து போலந்தில் ரபி சாலமோன் லூரியா எழுதியதில்தான் தெளிவாக வருகிறது. பேரம் படியாமல் போனதுதான் காரணம் என்று நினைக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

---

வெயிலுகந்தாள் | புதன், இரவு 10.50

அப்படியே இருக்கட்டும். அந்தச் சமூகம் தன் குருவைப் பற்றி எந்தக் கதையைக் காப்பாற்றி வைத்துக்கொண்டது பாருங்கள். "எனக்காகச் செலவு செய்யாதீர்கள்" என்ற கதை. எனக்கு அது போதும்.

பிணத்தையாவது கொடுத்தார்களா?

---

நூலகப்பூனை | புதன், இரவு 11.05

அதையும் கொடுக்கவில்லை. பிணத்துக்கும் காசு கேட்டார்கள். பதினாலு வருஷம்! 1307இல் அலெக்சாண்டர் விம்ப்ஃபன் என்ற செல்வர் பெரும் பணம் கொடுத்து உடலை மீட்டு வோர்ம்ஸ் ஊரில் அடக்கம் செய்தார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: நான் செத்தால் ரபிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அதே வருடம் அதுவும் நடந்தது.

---

தேரிக்காடு | வியாழன், காலை 7.15

நான் இருப்பது மான்ஹைமில், வோர்ம்ஸ் ரயிலில் கொஞ்ச தூரம்தான். இத்தனை வருஷம் போனதில்லை. இந்தச் சனிக்கிழமை போய்ப் படம் எடுத்துப் போடட்டுமா?

---

ஜெபமணி_நெல்லை | வியாழன், காலை 7.40

அண்ணா, சனிக்கிழமை யூதக் கல்லறை பூட்டியிருக்குமே 😀

---

தேரிக்காடு | ஞாயிறு, இரவு 8.30

போய்வந்தேன், ஞாயிற்றுக்கிழமைதான். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும், என்னிடம் இருந்தது பழைய கிரிக்கெட் தொப்பி. பரவாயில்லை என்றார்கள்.

புல் மண்டிய மேடு, சாய்ந்தும் சாயாமலும் சிவப்பு மணற்கற்கள். தேட வேண்டிய அவசியமே இல்லை. மற்றக் கற்களின் தலை வெறுமையாக இருக்கிறது, இரண்டு கற்களின் மேல் மட்டும் கூழாங்கற்கள் குவிந்திருக்கின்றன, இடுக்கில் மடித்த காகிதச் சீட்டுகள். ஒன்று ரபி மெயிர், ஒட்டினாற்போல் பக்கத்தில் அலெக்சாண்டர். மழை பெய்து சில சீட்டுகளில் மை கரைந்திருந்தது. நான் படிக்கவில்லை, மற்றவர்கள் எழுதியது. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து வைத்தேன். எந்தக் கல்லறையில் வைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்து, அலெக்சாண்டருடையதில் வைத்துவிட்டு வந்தேன்.

படங்கள் நாளை ஏற்றுகிறேன், போனில் சார்ஜ் இல்லை.